ஸ்டூலுக்கு அடியில் ஒரு எலுமிச்சம்பழம்

கருப்பசாமி: குனிஞ்சு குனிஞ்சு என்னத்தைத் தேடுறே செங்கம்மா? பத்து நிமிசமா இந்த கேட்டையே சுத்திச் சுத்தி வர்றே.

செங்கம்மாள்: ஒண்ணுமில்லண்ணே... கம்மல் வுழுந்துடுச்சு.

கருப்பசாமி: ரெண்டு காதுலயும் கம்மல் இருக்கே.

செங்கம்மாள்: அ... திருகாணிண்ணே. திருகாணி.

கருப்பசாமி: திருகாணி இல்லாமலா கம்மல் காதுல நிக்குது? சரி, அதை வுடு. நீ வந்ததும் நல்லதாப் போச்சு. கிட்ட வா... இன்னும் கிட்ட. சத்தம் போட்டுப் பேசாத.

செங்கம்மாள்: என்னாண்ணே, டெல்லியில தை மாசக் குளுருல இப்படி வேர்த்திருக்குது உங்களுக்கு?

கருப்பசாமி: எவனோ எனக்குச் செய்வினை வச்சுட்டான் ஆத்தா.

செங்கம்மாள்: உங்களுக்கா? ஆஸ்பத்திரி வாட்ச்மேனுக்கு எவன் வைப்பான்?

கருப்பசாமி: ஏன், வாட்ச்மேன்னா ஆள் இல்லையா? பதினேழு வருசம் பட்டாளத்துல இருந்தவன் நான். எல்லையில நின்னப்பகூட இப்படி வெலவெலத்துப் போகல. பீடி கீழ விழுந்துச்சேன்னு குனியுறேன்... ஸ்டூலுக்கு அடியில எலுமிச்சம்பழம்.

செங்கம்மாள்: எலு...

கருப்பசாமி: வெறும் பழம் இல்ல. உடம்பு பூரா ஊசி. பதினோரு ஊசி, எண்ணிட்டேன். ஒரு ஊசியில ரத்தம் வேற.

செங்கம்மாள்: ஐயையோ! எங்க... எங்கண்ணே அது இப்போ?

கருப்பசாமி: நீ ஏன் பதறுறே? செய்வினை உனக்கா எனக்கா?

செங்கம்மாள்: உங்களுக்குத்தாண்ணே. கையால தொட்டீங்களா? எங்கயாச்சும் குத்திச்சா? கையக் காட்டுங்க... ரெண்டு கையும்.

கருப்பசாமி: தொடுவேனா? ஏசியாடு விளையாட்டுக்காகப் பெயின்ட் அடிச்சு வச்சானுங்கல்ல, தீயணைக்கிற செவப்பு வாளி... அதுல இருந்த மணலைக் கொட்டிட்டு, பழத்து மேல கவுத்து, அதுக்கு மேல ரெண்டு செங்கல்லும் வச்சுட்டேன்.

செங்கம்மாள்: மாரியாத்தா... நல்லா இருப்பீங்கண்ணே.

கருப்பசாமி: என்னா இவ்வளவு பெரிய பெருமூச்சு?

செங்கம்மாள்: இல்ல... தொட்டா ஒட்டிக்கும்னு சொல்லுவாங்க. அதுக்கோசரம்.

கருப்பசாமி: பாத்தியா, உனக்கு விவரம் தெரியுது. அதான் உன்னைக் கூப்பிட்டேன். உங்க மதராசி கேம்ப்ல கோயில் பூசாரி உன் பக்கத்து ஜுக்கி குடிசைதானே?

செங்கம்மாள்: அவரு ஊருக்குப் போயிருக்காரு. மாசி மாசம்தான் வருவாரு.

கருப்பசாமி: அதுவரைக்கும் நான் உசிரோட இருப்பேனா? ரெஜிஸ்டர்ல வேற எழுதணும். கேட்டுல எது கெடந்தாலும் எழுதணும்னு மேட்ரன் அம்மா ஆர்டர். போன வாரம் ஒத்தைச் செருப்பு கெடந்துச்சு, எழுதினேன். நாய் நாலு குட்டி போட்டுச்சு, அதையும் எழுதினேன்.

செங்கம்மாள்: எழுதிட்டீங்களா இதை?

கருப்பசாமி: இன்னும் இல்ல. அஞ்சு மணிக்கு அந்தம்மா கையெழுத்துப் போட வரும். அதுக்குள்ள...

செங்கம்மாள்: எழுதாதீங்கண்ணே! செய்வினைய எழுத்துல எழுதினா பலிச்சிடும். எழுதின கை இழுத்துக்கும்.

கருப்பசாமி: ஏ ஆத்தி... நெசமாவா?

செங்கம்மாள்: எங்க கேம்ப்லயே ஒருத்தருக்கு இழுத்துக்கிச்சு. இருங்க, நான் வழி பண்றேன். எங்க வார்டு பூங்கோதை சிஸ்டர் இருக்காங்கல்ல, அவங்களுக்குக் கழிப்பு எடுக்கத் தெரியும்.

கருப்பசாமி: நர்ஸ் அம்மாவுக்கா?

செங்கம்மாள்: அவங்க தாத்தா மலையாளத்து மாந்திரீகர். யார்கிட்டயும் சொல்லிக்க மாட்டாங்க. வாளியத் தொடாதீங்க, பேனாவயும் தொடாதீங்க. இதோ வந்துட்டேன்!

*

செங்கம்மாள்: சிஸ்டர்... சிஸ்டரம்மா... கொஞ்சம் வராண்டாவுக்கு வாங்க.

பூங்கோதை: இரு, ஏழாம் பெட்டுக்கு டிரிப் முடியப்போகுது.

செங்கம்மாள்: ஜல்தி சிஸ்டர், ஜல்தி.

பூங்கோதை: என்ன செங்கம்மா, மூஞ்சி வெளுத்துப் போயிருக்கு? ஊசிப் பழத்தை நெருப்புல போட்டாச்சா?

செங்கம்மாள்: லட்டு குடுத்தாங்க சிஸ்டர்.

பூங்கோதை: நான் என்ன கேக்கறேன், நீ என்ன சொல்றே?

செங்கம்மாள்: மூணாம் பெட்டு சர்தார்ஜி வீட்டுல. நாலு பொண்ணுக்கு அப்புறம் ஒரு பையன். கேட்டுகிட்ட நின்னு போறவங்க வர்றவங்க எல்லாருக்கும் லட்டு. ஊசித் தட்டு புடிச்ச கையால வாங்கலாமா? கை கழுவாம எதையும் தின்னாதேன்னு நீங்கதானே சொன்னீங்க? அதான் தட்ட மதில் மேல வச்சிட்டு, குழாயில சோப்புப் போட்டு...

பூங்கோதை: மதில் மேலயா?

செங்கம்மாள்: விரல் இடுக்கெல்லாம் தேய்ச்சுக் கழுவினேன் சிஸ்டர். நீங்க சொன்ன மாதிரியே.

பூங்கோதை: கழுவினே. லட்டு வாங்கினே. அப்புறம்?

செங்கம்மாள்: ரெண்டு வாங்கினேன். ஒண்ணு உங்களுக்கு. இந்தாங்க.

பூங்கோதை: எனக்கு லட்டு வேண்டாம்! பழம் எங்கே?

செங்கம்மாள்: உருண்டுடுச்சு.

பூங்கோதை: கடவுளே.

செங்கம்மாள்: என் மேல மட்டும் தப்பு இல்ல சிஸ்டர். டெய்லி உருளைக்கெழங்குலதானே ஊசியக் குத்தி அனுப்புவீங்க? கெழங்கு வச்ச எடத்துல உக்காந்திருக்கும். இன்னிக்கு கிச்சன்காரன் கெழங்கு தீந்துபோச்சுன்னு பழத்தைக் குடுத்துட்டான். மதில் சரிவு...

பூங்கோதை: வார்டிலேருந்து நேரா பின்னாடி எரிக்கிற தொட்டிக்கு. நடுவுல எங்கேயும் கீழே வைக்கக் கூடாது. எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?

செங்கம்மாள்: இருவத்தொம்போது நாளா வைக்கலியே.

பூங்கோதை: முப்பதாம் நாள் வச்சுட்டியே! இன்னிக்கு ஒரு நாள்தானே பாக்கி? மேட்ரன் என்ன சொன்னாங்க? "சாப்பிடற கிழங்குல ஊசி குத்தறது என்ன பழக்கம்? ஒரு மாசம் பார்ப்பேன். ஒரே ஒரு ஊசி வெளியில கிடந்ததா தெரிஞ்சாலும் பழையபடி டஸ்ட்பின்தான்"னு சொன்னாங்களா இல்லையா?

செங்கம்மாள்: சொன்னாங்க.

பூங்கோதை: இந்தக் கிழங்கு ஏற்பாட்டையே நான் யாருக்காகக் கேட்டு வாங்கினேன்?

செங்கம்மாள்: எனக்காகத்தான். மறப்பேனா சிஸ்டர்? போன வருசம் பஞ்சு, துணி, ஊசி எல்லாம் ஒரே குப்பைத் தொட்டியில. கைய வுட்டேன், குத்திச்சு. முள்ளு குத்தின மாதிரிதான் இருந்திச்சு. அப்புறம் கண்ணு மஞ்சளாயி, ரெண்டு மாசம் எழுந்திரிக்கல. என் புள்ளைங்களுக்கு அக்கம்பக்கத்துலதான் சோறு போட்டாங்க... எனக்குப் பயமா இருக்குது சிஸ்டர். திரும்பவும் அந்தத் தொட்டிக்குள்ள கைய வுட என்னால ஆவாது.

பூங்கோதை: அழாதே. முதல்ல பழத்தைக் கண்டுபிடிக்கணும். யாராவது குழந்தை எடுத்துட்டா...

செங்கம்மாள்: இருக்கிற எடம் தெரியும். வாட்ச்மேன் அண்ணன் வாளிக்கு அடியில வச்சிருக்காரு.

பூங்கோதை: அதை முதல்ல சொல்லக் கூடாதா? போய் நம்ம வார்டுதுன்னு சொல்லி வாங்கிட்டு வா.

செங்கம்மாள்: சொன்னா ரெஜிஸ்டர்ல ஏத்திடுவாரு. நாய் குட்டி போட்டதையே எழுதின மனுசன். அவரு அதை வேற என்னவோன்னு நெனைச்சுக்கினு இருக்காரு.

பூங்கோதை: என்னன்னு?

செங்கம்மாள்: யாரோ அவருக்குச் செய்வினை வச்சிட்டாங்கன்னு.

பூங்கோதை: செய்... ஐயோ, இரு... எனக்குச் சிரிப்பு வருது.

செங்கம்மாள்: சிரிக்காதீங்க சிஸ்டர், எனக்கும் வருது.

பூங்கோதை: எலுமிச்சம்பழம்... ஊசி... ரத்தம்... யார் பார்த்தாலும் அப்படித்தான் நினைப்பாங்க. பழத்துல குத்தறப்ப எனக்கு இது தோணவே இல்லை.

செங்கம்மாள்: நீங்க வந்து கழிப்பு எடுத்துக் குடுத்திடுங்க. வேற ஒண்ணும் பண்ண வேணாம். டெய்லி சொல்ற அதே முறைதான். இடுக்கி, வெள்ளைத் தண்ணி, நெருப்பு.

பூங்கோதை: நான் ஸ்டாஃப் நர்ஸ் செங்கம்மா. மந்திரவாதி இல்லை.

செங்கம்மாள்: உங்க தாத்தா மலையாளத்து மாந்திரீகர்னு சொல்லிட்டேனே.

பூங்கோதை: எங்க தாத்தா கும்பகோணத்துல தபால்காரர்!

செங்கம்மாள்: சத்தமாச் சொல்லாதீங்க.

*

கருப்பசாமி: வாங்க சிஸ்டர், வாங்க. மூணு வருசமா குட்மார்னிங் சொல்றேன், உங்க தாத்தா இவ்வளவு பெரிய ஆளுன்னு ஒரு வார்த்தை சொல்லலியே.

பூங்கோதை: அது... அவர் வெளியில சொல்லிக்கிறதில்லை.

கருப்பசாமி: எப்படிச் சொல்லுவாரு? தொழில் ரகசியம். இந்தா வாளி. அடியில ஒரு தகரத்தைத் தள்ளி, அப்படியே அலுங்காம பின்பக்கம் கொண்டாந்துட்டேன். பழம் உள்ளயே இருக்கு.

செங்கம்மாள்: கெட்டிக்காரருண்ணே நீங்க.

கருப்பசாமி: பயம் வந்தா புத்தி தானா வருது ஆத்தா. சிஸ்டர், கோழி ஏதும் காவு குடுக்கணுமா? பக்கத்து மார்க்கெட்டுல இருக்கு.

பூங்கோதை: வேண்டாம். பிளீச்சிங் பவுடர் போதும்.

கருப்பசாமி: என்னது?

செங்கம்மாள்: வெள்ளைத் துன்னூறுண்ணே. கவர்மென்டு துன்னூறு.

பூங்கோதை: செங்கம்மா, ரப்பர் உறையைப் போட்டுக்கோ. நீங்க தள்ளி நில்லுங்க கருப்பசாமி அண்ணே. வாளியை நீ மெதுவா தூக்கு செங்கம்மா... ம்... அப்படித்தான். எண்ணு.

செங்கம்மாள்: ஒம்போது... பத்து... பதினொண்ணு. எல்லாம் இருக்குது சிஸ்டர்!

பூங்கோதை: அப்பாடா.

கருப்பசாமி: சந்தோசமாச் சொல்றீங்க ரெண்டு பேரும். எனக்குக் குலை நடுங்குது.

பூங்கோதை: இல்லை... எண்ணிக்கை குறைஞ்சா பரிகாரம் பலிக்காது. இடுக்கியை எடு. வலது கையால. நடுங்காம.

கருப்பசாமி: என் தலையை மூணு தடவை சுத்த வேண்டாமா?

பூங்கோதை: ஐயையோ! ஊசியைத் தலைகிட்டே கொண்டு போகவே கூடாது!

கருப்பசாமி: திருஷ்டின்னா சுத்துவாங்களே?

பூங்கோதை: இது டெல்லி முறை. சுத்தறது கிடையாது. செங்கம்மா, பழத்தை அப்படியே தண்ணிக்குள்ளே விடு. தெளிக்காதே. அரை மணி நேரம் ஊறணும்.

கருப்பசாமி: ஏ ஆத்தி, என்னா நெடி! கண்ணெல்லாம் எரியுது.

செங்கம்மாள்: கெட்டது வெளிய வருதுண்ணே.

பூங்கோதை: பின்னால வாங்க, காத்து வர்ற பக்கம் நில்லுங்க. பழப் புளிப்பும் பவுடரும் சேர்ந்தா இப்படித்தான். இனிமே கிழங்கு இல்லைன்னா முள்ளங்கி கேட்டு வாங்கணும்...

கருப்பசாமி: முள்ளங்கி எதுக்கு?

பூங்கோதை: அ... நைவேத்தியத்துக்கு.

கருப்பசாமி: மந்திரம் ஒண்ணும் சொல்லலியே நீங்க?

செங்கம்மாள்: சொல்லுங்க சிஸ்டர். மந்திரம் இல்லாம எப்படி?

பூங்கோதை: பென்சிலின்... ஸ்ட்ரெப்டோமைசின்... டெட்ராசைக்ளின்... குளோராம்ஃபெனிகால்...

கருப்பசாமி: எங்கயோ கேட்ட மாதிரி இருக்கே.

செங்கம்மாள்: பேசாதீங்கண்ணே, நடுவுல பேசினா மொதல்லேருந்து சொல்லணும்.

பூங்கோதை: ...சல்ஃபாடயசின். போதும். இனிமே காத்திருக்கணும்.

கருப்பசாமி: காத்திருப்போம். இந்த வெயில்ல உக்காந்தா நல்லாத்தான் இருக்கு... ஏன் சிஸ்டர், ஒரு சந்தேகம். பாத்தா இத்துனூண்டு ஊசி. அதுக்குப் போயி இவ்வளவு பயமா?

பூங்கோதை: ஊசிக்குப் பயம் இல்லைண்ணே. அது யாரைக் குத்திட்டு வந்ததோ, அவங்க ரத்தம் கொஞ்சம் அதுல ஒட்டியிருக்கும். அதுல காமாலை இருந்தா, அடுத்தது யாரைக் குத்துதோ அவங்களுக்கும் வந்துடும். கண்ணுக்குத் தெரியாது.

கருப்பசாமி: செங்கம்மாவுக்கு வந்துச்சே, அப்படியா?

செங்கம்மாள்: அதேதாண்ணே.

கருப்பசாமி: ம்... ரெண்டு மாசம் கழிச்சு அன்னிக்கு உள்ள வந்தியே, எனக்கு ஆளே தெரியல. "கோன் ஹை, யாரு நீ"ன்னு கேட்டேன். கேட்டைத் தள்ளக்கூட தெம்பு இல்லாம நின்னே.

செங்கம்மாள்: நீங்கதான் தொறந்து வுட்டீங்க.

கருப்பசாமி: ஆமா... சரி, இப்ப எதுக்கு அந்தப் பேச்சு. அரை மணி ஆச்சா சிஸ்டர்?

பூங்கோதை: ஆச்சு. இடுக்கியால எடுத்துத் தொட்டியில போடு செங்கம்மா. விறகு நல்லா பிடிச்சிருக்கு.

கருப்பசாமி: நான் திரும்பிப் பாக்காம போயிடணுமா?

பூங்கோதை: பார்க்கணும். கரியாகிற வரைக்கும் நின்னு பார்க்கணும். அதுதான் முக்கியம்.

கருப்பசாமி: பழம் கரியாயிரும். ஊசி எரியாதே?

பூங்கோதை: எரியாது. ஆனா அதுல ஒட்டியிருக்கிறது செத்துப் போயிடும். நாளைக்குச் சாம்பல் ஆறினதும் செங்கம்மா இடுக்கியால ஒவ்வொண்ணா பொறுக்கி டால்டா டின்ல போடுவா. டின் நிறைஞ்சதும் மூடியை அடிச்சு இறுக்கி, சுண்ணாம்புக் குழியில புதைச்சுடுவோம்.

கருப்பசாமி: நாளைக்கா? தெனமும் செஞ்ச மாதிரி சொல்றீங்க.

பூங்கோதை: அ... தாத்தா காலத்து வழக்கம்.

செங்கம்மாள்: எரிஞ்சு போச்சுண்ணே. பாருங்க, உங்க பீடை எல்லாம் புகையாப் போவுது. போய் சோப்புப் போட்டுக் கைய கழுவிட்டு வாங்க. ஒரு லட்டு இருக்குது, உங்களுக்குத்தான்.

பூங்கோதை: அது என் லட்டு இல்லையா?

செங்கம்மாள்: நீங்க வேணாம்னீங்களே!

கருப்பசாமி: அப்ப எனக்குப் புடிச்சது போயிருச்சு? ரெஜிஸ்டர்ல எதுவும் எழுத வேண்டாம்?

செங்கம்மாள்: எழுதவே கூடாதுண்ணே. கையி...

கருப்பசாமி: இழுத்துக்கும். ஞாபகம் இருக்கு. ஆனா ஒண்ணு, இதை வச்சவன் யாருன்னு தெரியலியே. என் மச்சான் மேலதான் சந்தேகம். ஊருக்கு ஒரு காயிதம் போட்டுக் கேட்டுறலாமா?

பூங்கோதை: கருப்பசாமி அண்ணே...

செங்கம்மாள்: சிஸ்டர், வேணாம்.

பூங்கோதை: இல்லை செங்கம்மா. பாவம், எங்கேயோ இருக்கிற மச்சானைப் போய்... என்னால முடியலை. அண்ணே, உங்களுக்கு யாரும் ஒண்ணும் வைக்கலை. அந்தப் பழம் எங்க வார்டுது. அதுல ஊசியைக் குத்தினது நான். டஸ்ட்பின்ல போட்டா இவ கையில குத்துதுன்னு அப்படிச் செஞ்சு அனுப்பறோம். இன்னிக்கு அது தவறி உங்க ஸ்டூலுக்கு அடியில வந்துடுச்சு. நாங்க சொன்னது அத்தனையும் பொய். எங்க தாத்தா தபால்காரர்.

கருப்பசாமி: தபால்காரரா?

பூங்கோதை: மேட்ரனுக்குப் பயந்து உங்களை ஏமாத்திட்டோம். எனக்கே வெட்கமா இருக்கு. நீங்க ரெஜிஸ்டர்ல எழுதுங்க. மேட்ரன்கிட்டே நான் பேசிக்கிறேன்.

செங்கம்மாள்: தப்பு என்னுதுண்ணே. சிஸ்டர் பேரை எழுதாதீங்க, என் பேரை எழுதுங்க. தட்ட மதில் மேல வச்சது நாந்தான்.

கருப்பசாமி: நீ வச்சதை நான் பாக்கலைன்னா நெனைச்சே? பழம் உருண்டு வந்ததையும் பாத்தேன், நீ லட்டு வாங்க ஓடினதையும் பாத்தேன் ஆத்தா. இது ஆஸ்பத்திரி ஊசின்னு ஒரு வார்த்தை என் வாயில வந்துட்டா நான் எழுதியே தீரணும், அஞ்சு மணிக்கு அந்தம்மா படிச்சிரும், நாளைக்கு உன் கை மறுபடியும் அந்தத் தொட்டிக்குள்ள... அதான் செய்வினைன்னேன், செய்வினைய எழுத எந்த கவர்மென்டு ரெஜிஸ்டர்லயும் எடம் கெடையாது. இவ்வளவு கஷ்டப்பட்டு நடுங்கி நடிச்சேன், கடைசியில வந்து உண்மையச் சொல்றீங்களே சிஸ்டர்... எனக்கு ஒண்ணும் காதுல விழல, அந்த லட்டைக் கொண்டா.